தருமபுரியில் நிலவியல் முதுநிலை விண்ணப்ப உதவி: ஒரு மதிப்பீடு

இளநிலை நிலவியல் முடித்த என் தங்கைக்காக, தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய விண்ணப்ப உதவி மையம் ஒன்றை அணுகினோம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கும், எம்.டெக். சேர்க்கைக்குக் கேட்கப்படும் கேட் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கியதோடு, ஜாம் நிலவியல் தாளில் 60 வினாக்களுக்கு 100 மதிப்பெண் என்பதையும், ஒரு விடையை மட்டும் தேர்ந்தெடுக்கும் வினாக்களில்தான் தவறுக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்பதையும் எடுத்துரைத்தார். புகைப்படம், கையொப்பம், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் பதிவேற்றத்திலும் குறையில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கான நோக்க அறிக்கைதான் (அப்படிப்பை ஏன் விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரை) ஏமாற்றம். எல்லாருக்கும் தரும் ஒரே மாதிரியை நீட்டினார்கள். ஆம்பிபோலைட் நிலையிலிருந்து, அதைவிட மிகுந்த வெப்பத்தில் உண்டாகும் கிரானுலைட் நிலைக்குப் பாறைகள் படிப்படியாக உருமாறியிருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கிருஷ்ணகிரி, தருமபுரி நிலப்பகுதியில் வளர்ந்து, சாமல்பட்டியின் கார்பனடைட் எனும், கார்பனேட் கனிமங்கள் மிகுந்த அரிய தீப்பாறையைக் களப்பயணத்தில் கண்ட மாணவிக்கு, 'சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்ற வரி எதற்கு? (அதை ஒதுக்கிவிட்டு, தன் களக்குறிப்பேட்டைக் கொண்டே அவள் எழுதிக்கொண்டாள்.)

கட்டணம் நியாயமானது. படிவம் நிரப்பவும் தேர்வு விவரம் அறியவும் இம்மையத்தை நம்பிச் செல்லலாம். அறிக்கை எழுதும் சேவைக்குத் தனியே பணம் கட்ட வேண்டாம், அதற்குக் கல்லூரிப் பேராசிரியரிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுவது மேல்.