கத்தாமல் கத்தப் பழகியது: எஸ்.எம்.58 மைக்குடன் சில வருடங்கள்

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புதிதாக பேண்ட் ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பாட்டும் ஸ்க்ரீமும் நானே பழகப் போகிறேன். எஸ்.எம்.58 பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?" ஸ்க்ரீம் என்பது மெட்டல் என்கிற முரட்டு ராக் இசையில் உறுமிப் பாடுகிற பாணி. வாட்ஸ்அப்பில் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. இந்த மைக்கின் மேல் எனக்கு அவ்வளவு நன்றி உண்டு, அதே அளவு கோபமும் உண்டு.

மைக்கைப் பற்றிய அடிப்படை விஷயங்களுக்குள் போகவில்லை. ஷூர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்தது. இன்றைக்கும் புரட்டாசி பஜனையில் இருக்கும், கல்யாண மண்டபத்தில் இருக்கும், மெட்டல் கச்சேரியிலும் இருக்கும். கீழே விழுந்தாலும் வேலை செய்யும் என்பதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். குரு யாரும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து தொண்டையைப் பழக்குகிற ஒருவனுக்கு இது என்ன செய்யும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

எங்கள் வீடு டர்பனின் சாட்ஸ்வொர்த்தில். இங்கே பழைய வீடுகளில் நிறைய இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்து ஆயா சீரியல் பார்த்தால் வசனம் எங்கள் கூடத்தில் கேட்கும். இப்படிப்பட்ட வீட்டில் ஸ்க்ரீம் பழகுவதாவது என்றுதான் யாருக்கும் தோன்றும். டர்பனில் கர்நாடக சங்கீதம் சொல்லித்தர ஆள் கிடைக்கும், இதற்கு எனக்கு யாரும் அமையவில்லை. சின்ன வயதில் கோயில் வகுப்பில் தேவாரம் பாடிய பழக்கத்தில் கொஞ்சம் சுருதியும் அகாரமும் இருந்தன. மற்றதையெல்லாம் இந்த மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்ஃபோன் இந்த மூன்றையும் வைத்துத்தான் கற்றேன்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரீம் என்றால் உச்சக் குரலில் கத்துவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காவடி நாளில் பாருங்கள், "அரோகரா" போட்டுப் போட்டு மறுநாள் ஊரில் பாதிப் பேருக்குக் குரல் கட்டியிருக்கும். அதுதான் கத்துவது. குரல் நாண்கள் இரண்டும் அளவுக்கு மீறிய வேகத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன, வீங்குகின்றன. ஸ்க்ரீம் வேறு இடத்தில் நடக்கிறது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே தடித்த இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. போலி நாண்கள் என்பார்கள், பாடுகிறவர்கள் ஃபால்ஸ் கார்ட் என்று சொல்வார்கள். நாம் பேசும்போது அவை சும்மா ஒதுங்கி இருக்கும். கனமான எதையாவது தூக்கும்போது தொண்டைக்குள் ஒரு அடைப்பு வருமே, அதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றை லேசாக நெருங்க வைத்து, அடிவயிற்றிலிருந்து சீராகக் காற்று விட்டால் அவையே அதிர ஆரம்பிக்கும். அந்தக் கரடுமுரடான உறுமல் அங்கிருந்து வருகிறது. இன்னொரு வழி ஃப்ரை. காலையில் எழுந்ததும் வருகிற கரகரத்த அடிக்குரலை எடுத்து, அதை இறுக்கி மேலே கொண்டுபோவது. இரண்டிலுமே தொண்டை எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எரிச்சலைத் தாங்கிப் பழகினால் பலம் வரும் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்கவே கூடாது.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம், சரியாகச் செய்த ஸ்க்ரீம் அறையில் அவ்வளவு சத்தமாக இருக்காது என்பதுதான். கொஞ்சம் உரக்கப் பேசுகிற அளவு, அவ்வளவே. அதைப் பூதாகரமாக்குவது மைக். உதட்டை மைக் தலையின் கம்பி வலையில் வைத்து மெதுவாக உறுமினால் ஹெட்ஃபோனில் கட்டடமே இடிகிற மாதிரி கேட்கும். பக்கத்து வீட்டில் சீரியல் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும் என்று உடம்புக்குப் புரிந்த நாளிலிருந்து தோள் இறங்கியது, தாடை தளர்ந்தது, கழுத்து நரம்பு புடைப்பது நின்றது. எந்தப் பயிற்சி வீடியோவும் எனக்கு இதைப் புரியவைக்கவில்லை. இந்த மைக் புரியவைத்தது. இதற்காக அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

மைக் இல்லாமலும் இது முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் லேடி ஃப்ரேர் பக்கம் ங்கோகோ என்கிற ஊரில் கோசா இனப் பெண்கள் உம்ங்கோகோலோ என்று ஒரு பாட்டு பாடுவார்கள். அடித்தொண்டையில் முரட்டு நாதம், அதன் மேலே விசில் மாதிரி மேல்ஸ்வரங்கள். மெட்டல் என்ற பெயரே பிறக்காத காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. அப்புறம் மஹ்லாத்தினி என்கிற பாடகர். 1999இல் மறைந்த அந்த மனிதர், மஹோட்டெல்லா குவீன்ஸ் பெண்களின் இனிமையான குரல்களுக்கு நடுவே சிங்கம் மாதிரி உறுமுவார். அந்தப் பாணிக்கு "க்ரோனிங்" என்றே பெயர். ஸ்க்ரீம் எங்கோ குளிர் தேசத்திலிருந்து வந்த பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், நான் மஹ்லாத்தினியைப் போட்டுக் காட்டுவேன். அதற்கு மேல் பேச்சு வராது.

சரி, இனி கோபம்.

இந்த மைக் முகஸ்துதி செய்கிறது. பேரன் எதைக் கிறுக்கினாலும் ஆஹா என்கிற தாத்தா மாதிரி. உதடு வலையைத் தொடும் தூரத்தில் வைத்தால் கீழ் ஒலிகளை அது தானாகவே உப்பவைக்கும். வாய்க்கும் மைக்குக்கும் 6 மில்லிமீட்டருக்குள் என்றால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 6 முதல் 10 டெசிபல் வரை கூடும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. இது நிறுவனத்தின் குறை இல்லை, அதை நான் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். முன்னால் வருகிற ஒலியை வாங்கி, பின்னால் வருவதைத் தள்ளுகிற எந்த கார்டியாய்ட் மைக்கும் இப்படித்தான் நடக்கும். மேடையில் ஸ்பீக்கர் சத்தம் திரும்பி மைக்குக்குள் போகாமல் இருப்பதும் அதே அமைப்பால்தான். எல்லாம் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது. குரு இல்லாதவனுக்குத் தன் காதுதான் குரு, அந்தக் காதுக்குப் போகும் ஒலியிலேயே சர்க்கரை கலந்திருந்தால் அவன் எப்படித் தேறுவான்?

ஒரு சின்ன ஹாலில் பாடியபோது இதன் முழு வலியும் தெரிந்தது. ஒலி பார்த்தவர், எல்லோரும் செய்வதுபோல, குரலின் அடி ஒலிகளை மிக்ஸரில் வெட்டினார். பேஸ் கிடாரும் டிரம்மும் அங்கே இடம் பிடித்திருக்கும்போது வேறு வழி இல்லை, அவர் செய்தது சரி. ஆனால் வீட்டில் அவ்வளவு நாள் நான் கேட்டு மகிழ்ந்த உறுமலில் பாதி அந்த இடத்தில்தான் இருந்தது. மிஞ்சியது யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். கூட்டத்தில் நின்ற நண்பன் ஃபோனில் பிடித்ததைப் போட்டுக் கேட்டேன். வார்த்தை இல்லை, வடிவம் இல்லை, வெறும் இரைச்சல்.

அந்தப் பதிவுதான் எனக்கு வழியும் காட்டியது. ஃபோனில் இருக்கிற மைக் பெரும்பாலும் எல்லாத் திசையும் கேட்கிற வகை. கிட்டே போனாலும் அது அடி ஒலியை உப்பவைக்காது. அன்றிலிருந்து பழகும்போது எஸ்.எம்.58இல் ஒரு பதிவு, அறையின் அந்தக் கோடியில் மேஜை மேல் வைத்த ஃபோனில் ஒரு பதிவு, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறேன். ஃபோனில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரீமையே அது இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். மைக்கில் நன்றாகவும் ஃபோனில் கேவலமாகவும் இருக்கிற உறுமல் இன்னும் தேறவில்லை என்று பொருள். ஃபோனிலும் அதற்கு ஒரு உருவம் இருந்தால் தேறிவிட்டது.

அந்த உருவம் வருவது வாயின் அமைப்பிலிருந்து. போலி நாண் கொடுப்பது மூலப்பொருள் மட்டும். நாக்கு, உதடு, தாடை சேர்ந்துதான் அதைச் செதுக்குகின்றன. "ஊ" என்று உதட்டைக் குவித்தால் இருண்டு கீழே இறங்கும், "ஆ" என்றால் அகலும், "ஈ" என்றால் கூராகி மேலே ஏறும். தொண்டையில் எதையும் மாற்றாமலே இது நடக்கும். தமிழில் வரிகள் எழுத ஆரம்பித்தபோது இன்னொன்று புரிந்தது. க, ட, த, ப போன்ற வல்லினம் டிரம்மோடு சேர்ந்து அடிக்கும், பின்வரிசையில் இருப்பவருக்கும் போய்ச் சேரும். ம், ன் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், உறுமல் மூக்கில் போய்ச் செத்துவிடும். அதனால் வரியை நெடிலில் முடிக்கிறேன். "எழுந்தான்" என்று முடிவதை "எழுந்து வா" என்று மாற்றினால் போதும், கடைசியில் வாய் திறந்தே இருக்கும். ழகரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், ஸ்க்ரீமில் அதைக் காப்பாற்ற இன்னும் போராடுகிறேன். இந்த இடத்தில் மைக்கைப் பாராட்ட வேண்டும். மேல் நடு ஒலிகளை அது கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் வல்லினம் தெளிவாக விழுகிறது.

பாட்டுக்கும் ஸ்க்ரீமுக்கும் மாறுகிற இடம்தான் தினசரித் தலைவலி. ஸ்க்ரீமுக்கு உதடு வலையில் இருக்க வேண்டும். அடுத்த வரியில் தார ஸ்தாயியில் திறந்து பாட வேண்டும் என்றால் ஒரு சாண் விலக வேண்டும், அந்தக் கணமே குரல் மெலிந்து வேறு யாரோ பாடுகிற மாதிரி ஆகிவிடும். விலகாமல் பாடினால் குரல் கூழாகிறது. கையை எவ்வளவு நகர்த்துவது என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. இதற்குக் குறுக்கு வழியாகச் சிலர் வலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்கள். அப்போது பின்புறத் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையையும் கேட்க ஆரம்பிக்கும், ஸ்பீக்கர் ஊளையிடும். பார்க்க மிரட்டலாக இருக்கும், கேட்கச் சகிக்காது.

லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்கிற மின்வெட்டு, பற்றியும் சொல்ல வேண்டும். 2022, 2023இல் அது உச்சத்தில் இருந்தபோது ஒத்திகை நடுவிலேயே மின்சாரம் போகும். கிடார்காரர் நிறுத்துவார், டிரம்மர் நிறுத்த மாட்டார். அந்த டிரம்முக்கு மேலே வெறும் தொண்டையால் போட்டி போட்ட பாடகர்கள் வாரக்கணக்கில் குரல் இல்லாமல் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். மைக் செத்தால் ஸ்க்ரீமும் நின்றாக வேண்டும், இதில் எனக்குச் சமரசம் கிடையாது. அந்த நேரத்துக்கு ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு "ஊ" என்று முனகிக்கொண்டே குமிழி விடலாம். காற்றின் எதிரழுத்தம் நாண்களின் மோதலைத் தணிக்கும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால் கஷாயம் குடித்துக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

தம்பி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்கிறேன்: இப்போதைக்கு வாங்காதே. பாதி விலையானாலும் வேண்டாம். முதலில் ஃபோனை அறையின் மறுகோடியில் வைத்து, குறைந்த சத்தத்தில் ஒரே ஒரு "ஊ" உறுமலைப் பிடி. மறுநாள் காலையில் உன் பேச்சுக்குரல் மாறாமல் இருக்கிறதா என்று பார். மாறாமல் இருக்கிற நாட்கள் கூடிக்கொண்டே வந்தால் அப்புறம் மைக்கைப் பற்றிப் பேசலாம். ஆரம்பத்திலேயே இது கையில் வந்தால், தேறாத குரலைத் தேறியதாக நம்பவைத்துவிடும். அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு ஒரு மேடை தேவைப்பட்டது, உனக்கு அது வேண்டாம்.

நான் சொல்வதைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால் இரண்டு விஷயம். இந்த மாடலுக்குப் போலிகள் ஏராளம், அதனால் விற்பவர் வீட்டுக்கே போய், நம்பகமான ஒரு மைக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு வாங்கு. வாங்கியதும் வலைத் தலையைத் திருகிக் கழற்று. உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும், அதில் முந்தைய ஆளின் எச்சில் எவ்வளவு ஊறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு. டர்பன் பக்கத்து ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயாது, வெயிலில்லாத நாளில் ராத்திரி முழுக்க ஃபேன் முன்னால் வை. ஸ்க்ரீம் பண்ணுகிறவனுக்கு இந்த வேலை மாதாமாதம் உண்டு.