கோவை வேளாண் பல்கலைக்கழகம்: ஒரு தோப்புக்காரி போடும் மார்க்

பல்கலைக்கழகங்கள் வருஷா வருஷம் ஆண்டறிக்கை போடுகின்றன. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் (கண்டறிந்ததை விவசாயியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது) என்று மூன்று தலைப்பு. எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை ரகம் வெளியிட்டோம், எத்தனை விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று பக்கம் பக்கமாகப் போகும். ரிட்டயர் ஆகும்வரை அரசுப் பள்ளியில் விடைத்தாள் திருத்தினவள் நான். இப்போது ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பும் இரண்டு மாடும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருத்துகிற கை சும்மா இருக்காது. அதே மூன்று தலைப்பில், இந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து என் தோப்புக்கு என்ன வந்து சேர்ந்தது என்று மார்க் போட்டுப் பார்க்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் போடலாம். கல்விக்கு நல்ல பாஸ். விரிவாக்கம் இருக்கிறதே, தேடிப் போகிறவருக்கு நூற்றுக்கு நூறு, போகாதவருக்கு சைபர்.

பழம்பெருமைக்குத் தனி மார்க் கிடையாது, இருந்தாலும் சொல்லவேண்டும். 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகம் ஆன இடம். எம்.எஸ். சுவாமிநாதன் இங்கே படித்தவர்தான். வெள்ளைப் பொன்னி 1986இல் இங்கிருந்து வந்தது. நெல்லுக்குச் செய்ததை ஊரே பாடும். தென்னைக்குச் செய்ததை நாங்கள்தான் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் 'ஈ' என்றாலே சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது எங்கள் பொள்ளாச்சியில்தான், 2016இல். ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக முட்டை வைத்திருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன்போல ஒரு பிசினைச் சொட்டும். அந்தப் பிசின் கீழ் ஓலையில் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்புக்கே கரி பூசினதுபோல் ஆகிவிடும். ஊடுபயிராகப் போட்ட கோகோ, வாழை எல்லாம் கறுத்துவிடும். மரத்தடியில் துணி காயப்போட்டால் பிசுபிசுவென்று ஒட்டும்.

பார்த்தவுடன் எல்லோரும் ஓடியது மருந்துக்கடைக்கு. கடைக்காரர் (பேர் எதற்கு, எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு) பில் போட்டுக் கொடுத்தார். அடித்தார்கள். ஈ விழுந்தது. கொஞ்ச நாளில் முன்பைவிட அதிகமாக வந்தது.

பல்கலைக்கழகம் சொன்னது தலைகீழ். பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள் என்றார்கள். காரணம் என்கார்சியா என்ற ஒட்டுண்ணி. கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத சின்னக் குளவி. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள்ளேயே முட்டை வைத்து, உள்ளே வளர்ந்து, அதைத் தின்று வெளியே வரும். மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஈ எப்படியும் பக்கத்துத் தோப்பிலிருந்து திரும்ப வந்துவிடும், குளவி அவ்வளவு சீக்கிரம் வராது.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு கைலென்ஸ். தாவர நோய் பார்க்கிறவர் ஓலைத்துண்டைத் திருப்பிக் கையில் கொடுத்து, "வெள்ளையா இருக்கறதெல்லாம் உசுரோட இருக்கற ஈங்க டீச்சர், கறுத்துப் போனதுக்குள்ள நம்மாளு இருக்கான்" என்றார். லென்ஸில் பார்த்தேன். வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். சிலவற்றில் ஊசி குத்தினதுபோல் வட்ட ஓட்டை. குளவி வெளியே போன வழி. அந்த மாதிரி கறுத்த ஓலையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டுபோய், ஈ அதிகமாக இருக்கிற மரத்து ஓலையில் செருகி வைக்கச் சொன்னார். மருந்துக்குச் செலவே இல்லை.

கூடவே சில வேலைகள். மஞ்சள் பாலித்தீன் தாளில் ஆமணக்கெண்ணெய் தடவி ஆளுயரத்தில் கட்டுவது. விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் பீய்ச்சுவது. கரும்பூசணத்துக்கு மைதா: லிட்டருக்கு 25 கிராம் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தால், வெயிலில் காய்ந்து உரியும்போது கரியையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. பரோட்டாவுக்கு எடுத்த மாவு மரத்துக்குப் போகுதே என்று வீட்டில் கேலி. ஓலை பச்சையானதும் கேலி நின்றது.

ஈ ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. வெயில் காலத்தில் ஏறும், மழை பிடித்தால் இறங்கும். அதோடு வாழப் பழகியாயிற்று. ஆனாலும் இந்த ஆராய்ச்சிக்கு நான் கை நிறைய மார்க் போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 'எதையும் வாங்காதே' என்று சொல்லும் ஆராய்ச்சியால் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை, அதைச் சொல்ல ஊருக்கு ஏஜென்ட் வரமாட்டான். பொதுப்பணத்தில் நடக்கிற இடம் மட்டும்தான் அதைச் சொல்லும்.

மார்க் குறைகிற இடம் வாடல் நோய். எங்கள் பக்கம் கேரளா வாடல் என்போம். ஓலையின் இலைகள் உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு மாதிரி ஆகும், பிறகு மஞ்சளாகும், பிறகு நுனியிலிருந்து கருகும். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது, சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்புவது. குணமாக்க மருந்து கிடையாது. கேரளத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, அங்கேயும் கிடையாது. முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்து, மற்றதற்கு வேப்பம்புண்ணாக்கு, தொழு உரம் போடு, வட்டப்பாத்தியில் சணப்பை என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்துப் பூக்கும்போது மடக்கி விடு என்கிறார்கள். தாக்குப்பிடிக்கும் என்று சொல்லப்படுகிற கல்பரக்‌ஷா போன்ற ரகங்கள் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவை. எங்கள் ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் நல்ல ரகங்களைக் கொடுத்திருக்கிறது, ஆனால் வாடலுக்கு ஈடுகொடுக்கும் நம் மண்ணின் மரம் ஒன்றைத்தான் இந்தப் பக்கமே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. தென்னையில் ஒரு ரகம் தேற வருஷக்கணக்காகும், அவசரப்படுத்த முடியாது என்று தெரியும். காய்ப்பில் இருக்கிற மரத்தை வெட்டும்போது அந்த நியாயம் மனசுக்கு ஏறுவதில்லை.

கல்விக்கு வருகிறேன். அந்த வளாகத்து வகுப்பறையை நான் பார்க்கப் போவதில்லை. ஆனால் இறுதியாண்டுப் பிள்ளைகள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் என்று கிராமங்களில் வந்து தங்குவார்கள். இந்த வருஷம் எங்கள் ஊருக்கு வந்தது பெண் பிள்ளைகள். எந்தக் கல்லூரி என்பதை விட்டுவிடுவோம். முதல் நாள் கோயில் முன்னால் கலர் கோலப்பொடியில் ஊர் வரைபடம் போட்டார்கள். கிணறு நீலம், தோப்பு பச்சை, ரோடு கறுப்பு. ஊரே கூடிவிட்டது. "எங்கூட்டுக் கெணத்த விட்டுட்டீங்க கண்ணு" என்று ஒரு பாட்டி பொடியை வாங்கித் தானே ஒரு வட்டம் போட்டார். வகுப்பில் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வராத பேச்சு அந்த அரைமணியில் வந்தது: எந்தக் கிணறு வற்றியது, எந்த வருஷம் போர் போட்டார்கள், யார் தோப்பில் முதலில் வாடல் தெரிந்தது எல்லாம்.

அடுத்த நாள் என் தோப்பில் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை, அதாவது வேர் வழியாக மரத்துக்கு ஊட்டும் சத்துக் கரைசலை, கட்டிக் காட்டினார்கள். குரும்பை உதிர்கிறது என்று நான்தான் கேட்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மண்வெட்டியை லாவகமாகப் பிடித்தாள், மற்றவர்களுக்கு அது புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது. தண்டிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளித் தோண்டி, பென்சில் கனத்தில் இருக்கிற இளம் வேர் ஒன்றைத் தேடவேண்டும். செத்த வேர் காய்ந்து கறுத்து இருக்கும், அது குடிக்காது. உயிருள்ள வேரின் நுனியைச் சாய்வாகச் சீவி, 40 மில்லி டானிக்கில் 160 மில்லி தண்ணீர் கலந்த பாலித்தீன் பைக்குள் விட்டு, வாயை நூலால் கட்டி, மண்ணை மெதுவாகத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. காய் வெட்ட வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, மரத்துக்குக் குளுக்கோஸ் ஏத்தறீங்களா?" என்றார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், ஒரு பை காலி, ஒன்று அப்படியே இருந்தது. குடிக்காத பைக்கு வேறு வேர் தேடிக் கட்டவேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளைதான் முந்தைய நாளே சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு குறை. பிள்ளைகள் நோட்டில் எழுதுவதிலும் போட்டோ எடுப்பதிலும் காட்டுகிற வேகத்தைக் கேள்வி கேட்பதில் காட்டவில்லை. பேனர் பிடித்து நிற்கிற படம் இல்லாமல் ஒரு செயல்விளக்கமும் முடிவதில்லை. ரெக்கார்டுக்கு வேண்டும் என்கிறார்கள். ரெக்கார்டு நோட்டு வாங்கித் திருத்தியவள், எனக்குத் தெரியாதா! தமிழ் வழியிலும் வேளாண் பட்டப்படிப்பு தொடங்கியிருக்கிறார்கள், அது நல்ல காரியம்.

இனி விரிவாக்கம். இங்கேதான் எனக்குப் பல்கலைக்கழகத்தோடு சண்டை.

மாட்டுக்குக் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் போட்டிருக்கிறேன், பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம். இரண்டு பருவுள்ள கரணையை (தண்டுத் துண்டை) நட்டு, 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒருதரம். இந்தப் புல்லுக்கு எந்தப் பயிற்சி முகாமும் தேவைப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பார்த்தார், கரணை கேட்டார், கொடுத்தேன். அவரிடமிருந்து அவர் மச்சான் வாங்கினார். நல்ல ரகம் தானே நடந்து போய்விடும்.

ஆனால் உரம் வைக்கிற முறை நடப்பதில்லை. காய்க்கிற நெட்டை மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து வைக்கவேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தண்டைச் சுற்றி 1.8 மீட்டருக்குள், அதாவது ஆறடி வட்டத்துக்குப் பரவலாகத் தூவிக் கொத்திவிடவேண்டும். அதே வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர், என்னிடம் கரணை வாங்கினவர், இன்றைக்கும் தண்டை ஒட்டி ஒரு குழி எடுத்து மொத்த உரத்தையும் கொட்டி மூடுகிறார். நான் சொன்னால், "எங்கப்பா காலத்திலிருந்து இப்படித்தாங்க" என்கிறார். பொட்டாஷ் விற்கிற விலையில்! மருந்தடிக்காதே என்பதும் இதே கதிதான். பொருள் ஊருக்குள் வந்துவிடுகிறது, பழக்கம் வருவதில்லை. பழக்கத்தைக் கொண்டுவருவதற்குத்தான் விரிவாக்கம் என்று ஒரு தலைப்பே வைத்திருக்கிறோம்.

ஆண்டறிக்கையில் 'பயன்பெற்றோர்' என்று ஓர் எண் வரும். கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் வந்திருப்பவர்கள் அநேகமாக என்னைப் போன்றவர்கள்தான், ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள். ஒரே முகம் பல பயிற்சியில். கூட்டத்துக்கு வராத அந்தப் பக்கத்துக்காரர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு கூட்டத்தில் (யார் நடத்தியது என்பது வேண்டாம்) பதிவேட்டில் என் பேரை எழுதிவிட்டு, "தோட்டம் சார் பேருலங்களா?" என்று கேட்டார்கள். பட்டா என் பேரில். அந்தப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

எங்கே போவது என்பதே ஒரு குழப்பம். தென்னைக்கு வேளாண்மைத் துறை, ஊடுபயிர் வாழைக்குத் தோட்டக்கலைத் துறை, ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகம், இவை போக மாவட்டத்து விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974இல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கியது. ஆனால் கோவை மாவட்டத்து நிலையம் காரமடைப் பக்கம் அவினாசிலிங்கம் நிறுவனத்தின் பொறுப்பில், பக்கத்துத் திருப்பூர் மாவட்டத்தின் நிலையம் பொங்கலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். நிர்வாகத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனைமலையிலிருந்து காரமடைக்கு மாவட்டத்தையே குறுக்கே தாண்டவேண்டும். எங்களுக்குக் கைக்கெட்டுவது ஆழியார்நகர் ஒன்றுதான்.

அடுத்த அறிக்கையில் எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்பதோடு, ஒரு வருஷம் கழித்து அவர்கள் தோப்புக்குப் போய் உரம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினால், விரிவாக்கத்துக்கும் நான் மார்க் போடுவேன். ஊருக்கு வருகிற பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். போன வருஷத்துப் பிள்ளைகள் போட்ட செயல்விளக்கத்தை இந்த வருஷத்துப் பிள்ளைகள் போய்ச் சரிபார்க்கட்டும்.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: வெறுங்கையோடு போகாதீர்கள். நோய் என்றால் முழு மரத்தைத் தூரத்திலிருந்து ஒரு போட்டோ, நடு ஓலையிலும் அடி ஓலையிலும் இரண்டிரண்டு இலை, வேர்த்துண்டு ஒன்று. மண் பரிசோதனைக்குத் தென்னை என்றால் மேல்மண் போதாது. ஓர் அடி, இரண்டடி, மூன்றடி ஆழத்தில் தனித்தனியாக எடுக்கவேண்டும். வரப்போரம், எருக்குழி ஓரம், உரம் வைத்த கையோடு எடுக்கக்கூடாது. நிழலில் உலர்த்தி, நாலாகப் பிரித்து எதிரெதிர் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோவுக்குக் கொண்டுவந்து, துணிப்பையில் பேரும் சர்வே எண்ணும் எழுதிப் போட்டுக்கொண்டு போங்கள். டானிக் வாங்கப் போகிறவர்கள் முதலில் போன் பண்ணி இருப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.