சீருடையும் உதவித்தொகையும்: ஹைடன், பீத்தோவன்

1761-இல் எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தில் பணிக்குச் சேர்ந்த இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வெள்ளைக் காலுறையும் பவுடர் பூசிய தலையுமாக அவர் தினமும் இருவேளை முன்கூடத்தில் நின்று பிரபுவின் கட்டளையைக் கேட்க வேண்டும் என்றும், எழுதும் இசை பிரபுவுக்கே உரியது என்றும் விதித்தது. 1809-இல் இசையமைப்பாளர் பீத்தோவனுக்கு ருடால்ஃப், லோப்கோவிட்ஸ், கின்ஸ்கி ஆகிய மூன்று பிரபுக்களும் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின் (அக்கால ஆஸ்திரிய நாணயம்) தர உடன்பட்டபோதோ, அவர் ஆஸ்திரிய ஆட்சிப் பகுதியிலேயே தங்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. என்ன எழுதுவது என்பது அவர் விருப்பம்.

மேலோட்டமாகப் பார்த்தால் பீத்தோவனே பாக்கியசாலி. பிரபு நிக்கோலஸ் பாரிட்டன் என்ற நரம்புக் கருவியை வாசித்தார் என்பதற்காகவே ஹைடன் 120-க்கும் மேற்பட்ட ட்ரையோக்களை (மூன்று கருவிகளுக்கான இசை) எழுத நேர்ந்தது. ஆயினும் எழுதிய மை காய்வதற்குள் வாசித்துக் காட்ட ஓர் இசைக்குழு அவர் கைவசம் இருந்தது. கேட்டு, வெட்டி, சேர்த்துப் பார்க்க முடிந்த அந்தப் பட்டறையில்தான் அவருடைய சிம்பொனிகள் (முழு இசைக்குழுவுக்கான பெரும் படைப்புகள்) முதிர்ந்தன என்பது என் உறுதியான எண்ணம். 1772-இல் ஊர் திரும்ப ஏங்கிய கலைஞர்கள் ஒவ்வொருவராக மெழுகுவத்தியை அணைத்துவிட்டு வெளியேறும்படி அவர் ஒரு சிம்பொனியை முடித்தபோது, பிரபு அந்தக் குறிப்பைப் புரிந்துகொண்டு அவர்களை அனுப்பிவைத்தார்.

பீத்தோவனின் தொகையோ 1811-இன் பணமதிப்புச் சரிவில் கரைந்தது. மறு ஆண்டே கின்ஸ்கி குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோக, பாக்கிக்காக அவருடைய வாரிசுகளோடு பீத்தோவன் வழக்காட வேண்டியதாயிற்று.