இமயக் கணவாய்களுக்கு எந்த ஜிபிஎஸ்? கார்மின் 65எஸ், 67, 32எக்ஸ், எஸ்இ ஓர் ஒப்பீடு

இமாச்சல், உத்தராகண்ட் பக்கம் 4,500 மீட்டருக்கு மேலே கணவாய் தாண்டப் போகிறவர்கள் கையடக்க ஜிபிஎஸ் வாங்கும்போது முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் துல்லியம்?" என்பதைத்தான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். திறந்த வானத்தின் கீழ் இன்று விற்கிற எந்தக் கருவியும், ஏன் உங்கள் போனும்கூட, சில மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். மைனஸ் பத்து டிகிரியில் பேட்டரி நிற்குமா, தடித்த கையுறையோடு இயக்க முடியுமா, நின்ற இடத்தில் திசை காட்டுமா என்று முதலில் பாருங்கள். கருவிக்குக் கருவி வேறுபாடு தெரிவது இங்கேதான்.

இந்தியாவில் பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது கார்மின் என்பதால் அதிலேயே நான்கை எடுத்துக்கொள்ளலாம்: 2019-இல் வந்த ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் (அதன் மலிவான தம்பி 22எக்ஸ்), 2020-இல் வந்த ஜிபிஎஸ்மேப் 65எஸ், 2023-இல் வந்த ஜிபிஎஸ்மேப் 67, அதே ஆண்டு வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. மாடல் எண்ணின் கடைசியில் ‘ஐ’ என்ற எழுத்து இருந்தால் (66ஐ, 67ஐ, மொன்டானா 700ஐ) அதை இந்தியாவுக்குள் கொண்டுவராதீர்கள். இன்ரீச் வரிசைக் கருவிகளும் அப்படியே. இவை இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புபவை; இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரே பார்க்கும்போது பிடிபட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டு மலையேறிகள் உண்டு. இரிடியம், துரயா செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் பற்றிப் பயணிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று 2025 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாக வாங்கி வருவது பெரும்பாலும் இந்த ‘ஐ’ மாடல்தான். டெல்லியில் விமானம் மாறி நேபாளம் போகிறவர்களும் இதை மனதில் வையுங்கள். ‘ஐ’ இல்லாத 67 சிக்னலை வாங்க மட்டும் செய்யும், எங்கேயும் செய்தி அனுப்பாது. இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

இப்போது பேட்டரி. 65எஸ், 32எக்ஸ், எஸ்இ மூன்றும் சுவர்க் கடிகாரத்தில் போடுகிற டபுள் ஏ செல் இரண்டில் ஓடுபவை. 67-இல் உள்ளேயே பொருத்திய லித்தியம் அயான் பேட்டரி, யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ். கம்பெனி சொல்லும் கணக்கு: 65எஸ் 16 மணி நேரம், 32எக்ஸ் 25, எஸ்இ 168, 67-க்கு 180. இவற்றோடு ‘எக்ஸ்பெடிஷன் மோடு’ என்று போட்டு 67-க்கு 840 மணி, எஸ்இ-க்கு 1,800 மணி என்றும் விளம்பரத்தில் இருக்கும். அதை மறந்துவிடுங்கள். அந்த மோடில் திரை அணைந்திருக்கும், எப்போதாவது ஒரு புள்ளி மட்டும் பதிவாகும். எங்கே போனோம் என்று ஊருக்குத் திரும்பிப் பார்க்க உதவும். மூடுபனியில் வழி பிடித்து நடக்க உதவாது.

ஏழு நாள் நடை, நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றால் மொத்தம் 63 மணி. 65எஸ்-க்குக் காகிதக் கணக்கில் நான்கு ஜோடி செல். அல்கலைன் செல்லாக இருந்தால் குளிரில் இந்தக் கணக்கு நொறுங்கிவிடும். அதன் உள்ளே இருப்பது நீர் கலந்த ரசாயனம், உறைநிலைக்குக் கீழே வேலை மந்தமாகிவிடும். நல்ல செல்லையே ‘தீர்ந்துவிட்டது’ என்று கருவி அணைத்துவிடும். அதே செல்லைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் மறுபடியும் கொஞ்ச நேரம் ஓடும். பனிக்கு எடுத்துப்போக வேண்டியது சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ. மைனஸ் 40 வரை வேலை செய்யும், ஒன்று 15 கிராம்தான் (அல்கலைன் 23 கிராம்). விலை அதிகம் என்பதால் கீழே காட்டுப் பாதையில் நிக்கல் ரீசார்ஜ் செல், முகாம் 4,000 மீட்டரைத் தாண்டியதும் லித்தியம் என்று பிரித்துக்கொள்வது நல்ல சிக்கனம். மொத்தம் ஆறு ஜோடி இருந்தால் நிம்மதி.

இங்கே பலர் தவறவிடும் ஒரு செட்டிங் உண்டு. செட்டப், சிஸ்டம், அதற்குள் டபுள் ஏ பேட்டரி டைப். நிக்கல் செல் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. நிக்கலைப் போட்டுவிட்டு அல்கலைன் என்றே விட்டிருந்தால், முழு சார்ஜிலேயே பாதிதான் இருக்கிறது என்று காட்டி, நேரத்துக்கு முன்பே அலறும். லித்தியத்தில் வேறு தொல்லை: அதன் வோல்டேஜ் கடைசிவரை கீழே இறங்காமல் இருந்து சட்டென்று விழும். பேட்டரிக் குறியில் நான்கு கோடும் இருக்கிறதே என்று கணவாய்க்குக் கிளம்பி, உச்சியில் அணைந்துபோவது இதனால்தான். லித்தியத்தைக் கோடு பார்த்து மாற்றாதீர்கள், ஓடிய மணி பார்த்து மாற்றுங்கள். கணவாய் தாண்டும் நாளில், பழையதில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், முகாமிலேயே புது ஜோடி.

67-இன் 180 மணி ஒரு வார நடைக்குத் தாராளம். குளிரில் குறைந்தாலும், மேப்பை அடிக்கடி திறந்து பார்த்தாலும், கைவசம் மிச்சம் இருக்கும். பவர் பேங்கில் போட வேண்டுமென்றால் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் போடுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. இதன் குறை வேறு: பேட்டரி கழற்ற முடியாதது. ஐந்தாறு வருடத்தில் அது கிழடுதட்டும், அப்போது கருவியே சுமை. செல் போடுகிற கருவிக்கு அந்தக் கவலையில்லை. மணாலி, ஸ்பிதியின் காஸா, உத்தரகாசி கடைவீதியில் அல்கலைனாவது கிடைக்கும்.

அடுத்தது பட்டன். போன் போலத் தொடுதிரை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை: கையுறை போட்டு, திரையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒரு வேபாயிண்ட்டை (குறித்துவைக்கும் இடத்தை) பதிவு செய்து பாருங்கள். 65எஸ், 67 இரண்டிலும் திரைக்குக் கீழே பெரிய பட்டன்கள் உண்டு, ஸூம் செய்யத் தனிப் பட்டன், இடத்தைக் குறிக்க ‘மார்க்’ பட்டன். தடித்த கையுறையிலும் தடவிக் கண்டுபிடிக்கலாம். 32எக்ஸ்-இல் திரைக்கு மேலே ஒரு குட்டி ஜாய்ஸ்டிக். வெறுங்கையில் வசதி, பனிக் கையுறையில் ‘என்டர்’ அழுத்தப் போய்ப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். எடைக்கு அது ஜெயிக்கிறது, செல்லோடு 142 கிராம். 65எஸ் 217, 67 230.

திசைகாட்டி விஷயத்தில் 22எக்ஸ் பக்கமே போகாதீர்கள். அதில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நடக்கும்போது மட்டும், கடந்துவந்த புள்ளிகளை வைத்துத் திசை கணக்கிடும். நின்றுவிட்டால் அம்புக்குறிக்கு அர்த்தமில்லை. பனியும் மேகமும் சேர்ந்து எதுவும் தெரியாத வெள்ளை மூட்டத்தில் நாம் செய்கிற முதல் வேலையே நிற்பதுதான்! 32எக்ஸ், 65எஸ், 67 மூன்றிலும் மூன்று அச்சுத் திசைகாட்டி இருக்கிறது, சாய்த்துப் பிடித்தாலும் சரியாகக் காட்டும். ஆனால் செல் மாற்றியதும் திரும்ப காலிபரேட் செய்தாக (சரிப்படுத்தியாக) வேண்டும்: திசைகாட்டிப் பக்கத்தில் மெனு, காலிபரேட், பிறகு திரை சொல்கிறபடி மூன்று பக்கமும் மெதுவாகச் சுழற்றல். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாரி), போன், காந்த மூடி வைத்த பை எல்லாம் ஒரு கை தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும்.

உயரம். எஸ்இ-யிலும் 22எக்ஸ்-இலும் காற்றழுத்த உயரமானி இல்லை, ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம்தான். அது கிடைமட்டத்தில் இடம் காட்டும் துல்லியத்தைவிட எப்போதுமே மோசமாகத்தான் இருக்கும், ஏனென்றால் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே மட்டும்தான், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. காற்றழுத்த உயரமானி ஏறி இறங்குவதை ஒழுங்காகத் தொடரும். ஆனால் வானிலை மாறினாலும் உயரம் மாறியதாகவே எடுத்துக்கொள்ளும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியதாகக் கணக்கு; 5,000 மீட்டரில் அதே 1 ஹெக்டோபாஸ்கல் 14 மீட்டருக்குக் கிட்டே வந்துவிடும். ராத்திரி கூடாரத்தில் வைத்த கருவி காலையில் 40 மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் விழுந்திருக்கிறது, வானிலை கெடலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை முறையாகப் பார்க்க, முகாமில் ஆல்டிமீட்டர் செட்டிங்கில் பாரோமீட்டர் மோடை ‘ஃபிக்ஸ்டு எலிவேஷன்’ என்று மாற்றுங்கள். அழுத்த வரைபடம் சுத்தமாக வரும். காலையில் மறக்காமல் ‘வேரியபிள்’ என்று திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் நீங்கள் ஏறும் ஏற்றமெல்லாம் புயல் வருவதுபோல வரைபடத்தில் விழும்.

65எஸ்-ஸும் 67-உம் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளில் கேட்பவை. குறுகிய பள்ளத்தாக்கில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது பழைய கருவிகள் ஏமாந்து, ஆற்றின் அக்கரையில் நடந்ததாகப் பதிவு செய்யும்; இவை அவ்வளவு ஏமாறுவதில்லை. மழைக்காலச் சோலைக்காட்டிலும் இந்த வித்தியாசம் தெரியும். மேலே பரந்த பனிவெளியில் பெரிதாக ஒன்றுமில்லை. பிடிக்கும் விதமும் முக்கியம்: ஜிபிஎஸ்மேப் வரிசையில் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா செங்குத்தாகப் பிடிக்க ஏற்றது, ஈட்ரெக்ஸ் திரை வானத்தைப் பார்க்கப் படுக்கையாக. தோள்பட்டை வாரில், முடிந்த அளவு மேலே மாட்டுங்கள். கால்சட்டைப் பையில் போட்டால் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும்.

எந்தக் கருவி வாங்கினாலும் வீட்டிலேயே சரிசெய்ய வேண்டியது பொசிஷன் ஃபார்மட், அதாவது இருக்கும் இடத்தை எண்ணில் எழுதும் வடிவம். மீட்புக் குழுவுக்கு 32 டிகிரி 14.5 நிமிடம் என்று சொல்ல வேண்டியதை, யாரோ 14 நிமிடம் 50 விநாடி என்று எழுதிக்கொண்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்த் தேடுவார்கள். குழுவில் எல்லோரும் ஒரே வடிவம், அதிலும் தசம டிகிரி என்றால் குழப்பம் குறைவு. யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) பயன்படுத்துகிறவர்கள் 78 டிகிரி தீர்க்கரேகையைக் கவனியுங்கள். மணாலி 43-ஆவது மண்டலம், காஸா 44. நம் ஊரிலும் கொடைக்கானல் 43, ஏற்காடு 44. மண்டல எண் சொல்லாத யுடிஎம் எண்ணுக்கு மதிப்பில்லை. இந்திய நில அளவைத் துறையின் ஓப்பன் சீரிஸ் வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற பூமி அளவீட்டு அடிப்படையிலானவை, கருவியின் இயல்பு நிலையும் அதுவே. எவரெஸ்ட் என்ற பழைய அளவீட்டு அடிப்படையில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எண்ணை அப்படியே ஏற்றினால் இமாச்சலில் நூறு மீட்டருக்கு மேல் பிசகும்.

கூடவே வரும் மேப் இமயத்துக்கு ஒப்புக்குச் சப்பாணி. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து கார்மினுக்கென்று தயாரித்த ஐஎம்ஜி ஃபைலை இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த மைக்ரோஎஸ்டி கார்டில் ‘கார்மின்’ என்ற ஃபோல்டருக்குள் போட வேண்டும். எஸ்இ-யில் இதற்கு வழியே இல்லை. கறுப்பு வெள்ளைத் திரை, மேப் கிடையாது, புள்ளியும் கோடும் மட்டும். இன்னொருவர் பதிவுசெய்த டிராக்கை (நடந்த பாதையின் புள்ளிக்கோட்டை) ஏற்றும்போது புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் 10,000 புள்ளிக்கு மேல் வாங்காது, வால் பகுதி வெட்டுப்படும். இறங்கும் வழி காணாமல் போயிருப்பது அங்கே போன பிறகுதான் தெரியும். கணினியிலேயே புள்ளிகளைக் குறைத்துவிடுங்கள், அல்லது நாளுக்கு ஒன்றாக வெட்டுங்கள். பின் பார்வதி (5,319 மீ.) போன்ற பனியாற்றுக் கணவாயில் போன வருடத்து டிராக் இந்த வருடத்துப் பாதை ஆகாது. பனிப்பிளவுகள் இடம் மாறும், கோடு மாறாது.

வாங்கும் முடிவு இப்படி. பணம் பிரச்சினையில்லை, வருடத்துக்கு ஓரிரு நடைதான், சார்ஜ் போடுகிற பழக்கமும் உண்டு என்றால் 67. மூன்று அங்குலத் திரை, வெயிலில் விளக்கில்லாமலே தெளிவாகத் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் மலையில் இருக்கிறவர்கள், கிளப்புக்காகப் பலர் கைமாறிப் பயன்படுத்துகிறவர்கள், பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர்கள் 65எஸ் எடுங்கள். எங்கள் ஓட்டும் அதற்கே. அதன் திரை (2.6 அங்குலம், 160-க்கு 240 புள்ளி) இந்தக் காலத்துக்கு அழுமூஞ்சித்தனமானதுதான். மேப்பை அகலமாக விரித்துப் பார்க்க எப்படியும் போனும் காகித வரைபடமும் இருக்கின்றன. 32எக்ஸ் குறைந்த விலையில் புதிதாகக் கிடைத்தால் விடாதீர்கள். எஸ்இ இரண்டாவது கருவியாகப் பையடியில் கிடக்கட்டும், முதல் கருவியாக வேண்டாம்.

பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து செல் முனைகளில் பச்சைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி துளையின் ரப்பர் மூடி அறுந்திருந்தால் மழையில் அந்தத் துளைக்குக் காப்பில்லை. திறந்த வெளியில் பதினைந்து நிமிடம் வைத்துச் செயற்கைக்கோள் பிடித்த பிறகு தேதியையும் பாருங்கள். 2019 ஏப்ரல் 6-இல் ஜிபிஎஸ் தேதி கணக்கிட உதவும் வார எண் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அன்றிலிருந்து பத்தொன்பது வருடத்துக்கு மேல் பின்தங்கிய தேதியைக் காட்டுகின்றன. அதற்குக் கம்பெனி அப்டேட் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.