நிகோடின் சூயிங்கம், 4 மி.கி.: அப்பாவுக்காக வாங்கியது

மொரீசியஸில் 2009 முதல் சிகரெட் பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கிறார்கள். அப்பா பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதனால் சிகரெட்டை நிறுத்த உதவும் இந்தச் சூயிங்கத்தை ரோஸ்ஹில் மருந்துக் கடையில் வாங்கினேன். விழித்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட் தேடுகிறவர்களுக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2. அப்பாவுக்குப் பல் துலக்கும் முன்பே புகை வேண்டும்!

விடாமல் மென்றால் விக்கல்தான் வரும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கணும்; காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். காபி குடித்து 15 நிமிடமாவது கழியட்டும்.

"இதுவும் நிகோடின்தானே?" என்றார் அம்மா. ஆமாம், அடிமையாக்குவது அதுதான். ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் புகையில்தான், இதில் இல்லை. புகையை விட்ட ஓராண்டில் இதய நோய் ஆபத்து, புகைப்பவரைவிடப் பாதியாகும். சுவை சுமார், விலை அதிகம். இருந்தாலும் வாங்கிக் கொடுங்கள்.