ரேடியோ எடிட்டா, எக்ஸ்டெண்டட் மிக்ஸா?

மாதம் முழுக்கத் தேடிச் சேர்த்த ஹவுஸ், டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசைத் தடங்களில் பல, வானொலிக்காகச் சுருக்கிய ரேடியோ எடிட், டிஜேக்கள் தடங்களைக் கோத்து இசைக்க ஏற்ற நீண்ட எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என இரண்டு வடிவிலும் கிடைக்கும். எதை வைத்துக்கொள்வது?

ரேடியோ எடிட் பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிடம்தான். குரலோ முக்கிய மெட்டோ சீக்கிரமே வந்துவிடும். புதிதாகக் கிடைத்தவற்றைச் சலித்தெடுக்க இதுவே வசதி. ஆனால் தாளம் அடங்கி எதிர்பார்ப்பைக் கூட்டும் பிரேக்டவுன் பகுதியை வெட்டிச் சுருக்கிவிடுவார்கள். எதிர்பார்ப்பு ஏறுவதற்குள் டிராப் (தாளம் முழுவீச்சில் திரும்பும் இடம்) விழுந்து, அதன் வலு போய்விடும். டிரான்ஸுக்கு இது பெரிய இழப்பு.

எக்ஸ்டெண்டட் மிக்ஸின் அருமை, தொடக்கத்திலும் முடிவிலும் டிரம் மட்டும் ஓடும் 16 அல்லது 32 பார்களில் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) இருக்கிறது. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 தட்டு வேகத்தில்) 32 பார் என்பது 128 தட்டு, சரியாக ஒரு நிமிடம். அடுத்த தடத்தைக் கோக்க அந்த நிமிடம் போதும். மிக்சரில் புதிய தடத்தின் பாஸ் (அடித்தொனி) குமிழை முழுக்க இறக்கிவைத்து, பாரின் முதல் தட்டில் ஓடவிடுங்கள். 16 பார் கடந்ததும் பழையதன் பாஸை இறக்கி, அதே நொடியில் புதியதை ஏற்றுங்கள். இரண்டு பாஸும் சேர்ந்தால் ஒலி கலங்கிப்போகும்.

ரேடியோ எடிட்டில் இப்படிக் கோத்தால் குரல்மேல் குரல் விழும். டிரம் மட்டும் உள்ள 4 பார் கிடைத்தால் லூப் போட்டு, அதாவது அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சமாளிக்கலாம், அவ்வளவுதான். மிக்ஸ் செய்பவர் எக்ஸ்டெண்டட் வடிவையே வாங்கட்டும்.