மழை மூன்று மாதமும் என் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளும் கடை

திருவான்மியூரில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறேன். இங்கே இரும்புச் சாமான் எதுவும் நிலைக்காது. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், துணி காயப்போடும் கொடிக்கம்பி என எல்லாவற்றையும் உப்புக்காற்று அரித்துவிடும். ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை சைக்கிளில் போய்வருவது என் வழக்கம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பொங்கல் வரைக்கும் வண்டியை எடுப்பதில்லை. தேங்கின தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே என்று தெரியாத இருட்டில் ஓட்ட எனக்குத் துணிச்சல் வராது. அந்த மூன்று மாதமும் வண்டியை எங்கே வைப்பது? அதற்குத்தான் இந்தக் கடை.

2022-ல் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 600 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, வண்டியைத் தலை முதல் கால் வரை மூடி, கீழ்த்தள பார்க்கிங்கில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டேன். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, உண்மைதான். ஆனால் தரையிலிருந்து எழும்பின ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லை. அது உறைக்குள்ளேயே வியர்த்து வியர்த்துச் செயின் மேல் இறங்கியிருக்கிறது. ஜனவரியில் உறையை உருவினால், செயின் செங்கல் நிறத்தில் விறைத்துப்போய்க் கிடந்தது. டயர்கள் ஏற்கெனவே பழசு. காற்று முழுக்க இறங்கி, வண்டியின் பாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் பக்கவாட்டில் மடிந்து வெடிப்பு விட்டிருந்தன. செயின், பின் பல்சக்கரம், இரண்டு டயர், டியூப் எல்லாம் மாற்ற 3,200 ரூபாய் ஆனது. மாற்றிக் கொடுத்தவர்தான் இந்தக் கடைக்காரர்.

கோவிலுக்குப் பின்பக்கம் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டி, அவ்வளவுதான் அடையாளம். “அடுத்த மழைக்கு இங்க குடுத்துடும்மா. மாசம் நூத்தம்பது. நான் மாட்டி வெச்சிக்கிறேன்” என்றார். “மாட்டி வைக்கிறதுன்னா என்னண்ணா?” என்று கேட்டதற்குக் கையை மேலே காட்டினார். கூரைக்குக் கீழே குறுக்காக ஒரு இரும்புக் குழாய், அதில் பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார், பெயின்ட் உரசாமல் இருக்க. ஏற்கெனவே அங்கே மூன்று சைக்கிள்கள் கயிற்றில் தொங்கின.

ஒப்படைக்கிற நாளில் அரை மணி நேரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அவர் வேலை செய்கிற விதம் அப்படி. பழைய டூத் பிரஷ்ஷை டீசலில் தோய்த்துச் செயினின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பார். துணியால் ஈரம் போகத் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய். கண்ணிக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னால் சுற்றி எண்ணெய் உள்ளே இறங்கினதும், மேலே மிச்சம் இருப்பதைத் துடைத்துவிடுவார். “மேல நிக்கிற எண்ணெ மண்ணைத்தான் புடிக்கும்.” ஸ்போக்குகளுக்கு எண்ணெய்த் துணி, ரிம்முக்கு வேறொரு காய்ந்த துணி. இரண்டையும் மாற்றி எடுத்து நான் பார்த்ததில்லை. ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் கட்டை பிடிக்காது. கியரைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குத் தள்ளி, கேபிளைத் தளர்வாக விடுவார். கடைசியில் டயரில் காற்றடித்துவிட்டு, விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துக் குனிந்து பார்ப்பார். ஒரு குமிழி வந்தால்கூட வால்வு பின்னை மாற்றாமல் விடமாட்டார். டயர் ஓரத்தில் காற்றழுத்தம் 50 முதல் 75 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கிறது. அவர் 50-ஐ ஒட்டி நிறுத்துவார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, குறைந்திருந்தால் அடிப்பார். சக்கரத்தையும் பெடலையும் நாலு சுற்று சுற்றி விடுவார். தெரு வழியாகக் காய்கறி வாங்கப் போகும்போது இதை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் கடைக்குள்ளும் புகுந்துவிட்டது. பவர் வந்து போன் வேலை செய்த அன்று கூப்பிட்டேன். “உன் வண்டி மேல பத்திரமா கீதும்மா, என் டூல் பொட்டிதான் நனஞ்சிடுச்சு” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குறைகளும் உண்டு. ரசீது கிடையாது, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். முதல் வருடம் என் சீட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அதிலிருந்து சீட்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுகிறேன், அது இருந்த குழாய் வாயில் பாலித்தீனும் ரப்பர் பேண்டும் போட்டுவிட்டு. ஆயில் டிஸ்க் பிரேக் வண்டிகளை வாங்கமாட்டார். தோழி கொண்டுபோனதற்கு, “அது எனக்குப் பழக்கம் இல்லம்மா, கெடுத்துட்டா நல்லா இருக்காது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். தோழிக்கு வருத்தம். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

சொந்த வீடென்றால் சுவரில் கொக்கி அடித்து நீங்களே மாட்டிக்கொள்ளலாம். எங்கள் ஓனர் காலண்டர் ஆணிக்கே சம்மதிப்பதில்லை. மூன்று மாத வாடகை 450, ஜனவரியில் எடுக்கும்போது சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பிரேக் பார்த்துக் கொடுக்க 200. மொத்தம் 650 ரூபாய். கிட்டத்தட்ட உறை வாங்கின காசு.

எட்டு வண்டிக்குத்தான் இடம். செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் போய்ச் சொல்லிவையுங்கள். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை சாத்தியிருக்கும்.